வடிகால் யார் வயல் வழியாகப் போகிறது?

மண்ணில் உப்பு ஏறுவதை இயற்கையின் கணக்கில் எழுதி முடித்துவிடும் அறிக்கைகளை நிறையப் படித்துவிட்டோம். புயல், சுனாமி, கடல் மட்டம், பொய்த்துப்போன மழை என்று காரணங்கள் வரிசையாக வரும். எல்லாம் உண்மைதான். ஆனால் நாகப்பட்டினம் மாவட்டத்தின் கடைமடைக் கிராமங்களில் சில ஆண்டுகளாக வேலை செய்துவரும் எங்களுக்கு ஒரு கேள்வி தீரவே இல்லை. ஒரே கடல், ஒரே மழை, ஒரே களிமண். பிறகு எப்படி ஊர்க்காரர் வயலில் நெல்லும் சேரிக்காரர் வயலில் உப்பும் விளைகிறது?

இதைக் கோஷமாகக் கேட்கவில்லை. மண்ணுக்குள் உப்பு எப்படி நடமாடுகிறது என்று தெரிந்துகொண்டால் பதில் தானாகவே கிடைக்கும். சமூகவியலும் சமூகப்பணியும் படித்துவிட்டுக் களத்துக்கு வரும் தம்பி தங்கைகள் பலர், மண் பற்றிய பேச்சு வந்தால் "அதெல்லாம் அக்ரி படிச்சவங்க வேலை" என்று ஒதுங்கிவிடுகிறார்கள். நாங்களும் சமூகவியல்தான் படித்தோம். ஆனாலும் இந்த வேலையை அவர்களிடம் மட்டும் விட்டுவிட முடியாது என்று களத்துக்கு வந்த பிறகு புரிந்தது.

முதலில் ஒரு கணக்கு. ஒரு லிட்டர் கடல்நீரில் ஏறத்தாழ 35 கிராம் உப்பு இருக்கிறது. ஒரு ஏக்கரில் ஓர் அங்குலம் தண்ணீர் நின்றால் அது சுமார் ஒரு லட்சம் லிட்டர். ஆக, ஓர் அங்குலக் கடல்நீர் ஒரு ஏக்கரில் ஏறி நின்று வற்றினால் சுமார் மூன்றரை டன் உப்பு அங்கேயே தங்கும். கடல்நீரே வர வேண்டும் என்பதும் இல்லை. வாயில் வைத்தால் லேசாகக் கரிக்கும் போர் தண்ணீர், லிட்டருக்கு ஒரு கிராம் உப்புள்ளது என்று வையுங்கள். அதை ஒரு பருவத்தில் மொத்தமாக ஓர் அடி உயரத்துக்குப் பாய்ச்சினால் ஏக்கருக்கு ஒன்றேகால் டன் உப்பு வந்து சேரும். செடி தண்ணீரைக் குடிக்கும், உப்பைக் குடிக்காது. வெயிலும் தண்ணீரைத்தான் எடுத்துக்கொண்டு போகும்.

ஒரு கிலோ உப்பைக்கூட எந்த உரமும் மருந்தும் மண்ணிலிருந்து காணாமல் அடிக்காது. உப்பு வெளியேற ஒரே வழி தண்ணீர். நல்ல தண்ணீரைக் கட்டி நிறுத்தி, கரைத்து, கீழே இறக்கி, வடிகால் வழியாக வெளியே அனுப்ப வேண்டும். ஓர் அடி ஆழ மண்ணைக் கழுவ ஏறக்குறைய ஓர் அடி நீர் மண்ணுக்குள் இறங்கிப் போனால், கரையும் உப்பில் சுமார் 80 சதவீதம் போய்விடும் என்பது மண்ணியலில் பழைய பொதுக்கணக்கு. டெல்டாவின் களிமண்ணில் இதற்கு நாளாகும், ஆனாலும் நடக்கும். வடகிழக்குப் பருவமழை ஐப்பசி, கார்த்திகையில் இந்த வேலையை இலவசமாகவே செய்கிறது. தை அறுவடை முடிந்து பங்குனி, சித்திரை வந்ததும் கதை திரும்புகிறது. விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதுபோல, மூன்று நான்கு அடி ஆழத்தில் கிடக்கும் உவர்நீர் மண்ணின் நுண்துளைகள் வழியாக மேலே ஏறி, தண்ணீர் ஆவியாகி, உப்பு மட்டும் வெள்ளையாகப் பூத்துக் கிடக்கும்.

மழையில் இறங்குகிற உப்பு, கோடையில் ஏறுகிற உப்பைவிட அதிகமாக இருந்தால் நிலம் பிழைக்கும். அப்படி இருக்க வடிகால் வேண்டும். வடிகால் என்பது பெரும்பாலும் அடுத்தவர் நிலத்தின் ஓரமாகப் போகிற ஒன்று. இங்கேதான் வேதியியல் முடிந்து சாதி தொடங்குகிறது.

இன்னொரு விஷயத்தையும் சொல்லிவிடுகிறோம், ஏனென்றால் இதில் நிறையப் பணம் வீணாகிறது. உவர் நிலமும் களர் நிலமும் ஒன்றல்ல. உவர் என்றால் கரையும் உப்பு அதிகம். களர் என்றால் மண்ணின் களித்துகள்களில் சோடியம் ஒட்டிக்கொண்டது. மண் இறுகித் தண்ணீர் இறங்காது, காரத்தன்மை 8.5-க்கு மேலே போகும். ஜிப்சம் களருக்கான மருந்து. அதில் உள்ள கால்சியம் சோடியத்தின் இடத்தைப் பிடித்து அதை வெளியே தள்ளும். தள்ளப்பட்ட சோடியமும் தண்ணீரோடு வயலை விட்டுப் போனால்தான் பயன். வெறும் உவர் நிலத்தில் ஜிப்சம் போட்டால் பெரிய மாற்றம் எதுவும் வராது. சொல்லப்போனால் ஜிப்சமும் ஓர் உப்புதான். ஆனால் மானியத்தில் வருவது மூட்டை. வடிகாலை மூட்டையில் கட்டிக் கொடுக்க முடியாது, பக்கத்தில் நின்று போட்டோவும் எடுக்க முடியாது.

2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு நாகை வயல்களில் கடல்நீர் புகுந்தபோது, இந்த நிலம் இனி எழுந்திருக்கப் பல காலம் ஆகும் என்றார்கள். ஜிப்சம் போட்டார்கள், உழுது வரப்பு கட்டினார்கள், தக்கைப்பூண்டு விதைத்து மடக்கி உழுதார்கள். அடுத்த ஆண்டு 2005 பருவமழை கொட்டித் தீர்த்தது. பெரும்பாலான வயல்களின் உப்பை அந்த மழையே கழுவிவிட்டது. ஒரே நாளில் வந்த உப்பு என்பதால் ஓரிரு பருவத்தில் போய்விட்டது. தினமும் வருகிற உப்பு அப்படிப் போகாது.

தினமும் உப்பு கொண்டுவருபவை இறால் பண்ணைகள். 1990-களின் தொடக்கத்தில் இந்தக் கடற்கரையில் விளைநிலத்தை வாங்கிக் குட்டை வெட்டினார்கள். கடல் கழியிலிருந்து உப்புநீரை ஏற்றி மாதக்கணக்கில் நிறுத்தி வைப்பது, பக்கத்து வயலுக்கு இடைவிடாத சுனாமி. கரை வழியாகக் கசியும். குட்டையைக் காலி செய்யும்போது பாசன வாய்க்காலிலேயே திறந்துவிடுவார்கள். குடிநீர்க் கிணறு முதலில் கரிக்கும், பிறகு நெல் கருகும். நெல் போனால் நடவு, களை, அறுப்பு என்று நம் பெண்கள் நம்பியிருந்த கூலி நாட்களும் போயின. ஒரு குட்டைக்குக் காவலுக்கு ஓரிருவர் போதும்.

இதை எதிர்த்து நின்றவர்கள் கிருஷ்ணம்மாள் ஜெகந்நாதனும் ஜெகந்நாதனும். கிருஷ்ணம்மாள் நம் வீட்டுப் பெண்மணி என்பதைப் பாடப்புத்தகம் அழுத்திச் சொல்லாது. கூலி உயர்வு கேட்டதற்காக 1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் 44 பேரைக் குடிசையோடு எரித்தார்கள். அதன் பிறகு இந்த மண்ணுக்கு வந்து, நிலமில்லாதவர்களுக்கு நிலம் வாங்கிக் கொடுக்கும் வேலையைத் தொடங்கியவர்கள் அவர்கள். 1981-இல் உருவான லாஃப்டி அந்த வேலையின் தொடர்ச்சி. காந்திய வழியோடு நமக்கு இருக்கும் வேறுபாடுகள் வேறு. ஜெகந்நாதன் தொடுத்த வழக்கில் 1996 டிசம்பர் 11 அன்று உச்ச நீதிமன்றம் கொடுத்த தீர்ப்பை நம் பிள்ளைகள் ஒவ்வொருவரும் படிக்க வேண்டும். கடலோர ஒழுங்குமுறை மண்டலத்துக்குள் இருக்கும் இறால் பண்ணைகளை அகற்றச் சொன்னது. விவசாய நிலத்தையும் உப்பளத்தையும் சதுப்பு நிலத்தையும் இறால் குட்டையாக மாற்றக் கூடாது என்றது. பாதிக்கப்பட்டவர்களுக்கு மாசு செய்தவர் இழப்பீடு தர வேண்டும் என்றது.

நடந்தது வேறு. 2005-இல் கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையச் சட்டம் வந்தது. கடலோர ஒழுங்குமுறை அறிவிக்கையின் தடை இந்தத் தொழிலுக்குப் பொருந்தாது என்று முன்தேதியிட்டே அதில் எழுதிக்கொண்டார்கள். 2020-இல் தமிழ்நாடு அரசு டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக அறிவித்துச் சட்டம் கொண்டுவந்தது. நல்ல விஷயம்தான். அதன் தடைப் பட்டியலில் எண்ணெய், எரிவாயுக் கிணறு இருக்கிறது, தோல் தொழிற்சாலை இருக்கிறது, கப்பல் உடைக்கும் தொழில்கூட இருக்கிறது. இறால் பண்ணை இல்லை.

இனி நிலத்தின் இருப்பிடத்துக்கு வருவோம். 2011 கணக்கெடுப்பின்படி நாட்டு மக்களில் 16.6 சதவீதம் பட்டியல் சாதியினர். வேளாண் கணக்கெடுப்பில் நம் கையில் இருக்கும் சாகுபடிப் பரப்பு 9 சதவீதத்துக்கும் குறைவு. பழைய நாகை மாவட்டத்தில் மக்களில் கிட்டத்தட்ட மூன்றில் ஒருவர் நம்மவர். எண்ணிக்கையைப் பற்றி நம் இயக்கங்கள் நிறையப் பேசியிருக்கின்றன. அந்தக் குறைந்த நிலமும் எங்கே கிடக்கிறது என்பதைப் பற்றிப் பேசியது குறைவு. நாங்கள் போகும் ஊர்களில் உச்சவரம்பில் எடுத்துக் கொடுத்தது, தானமாக வந்தது, அரசு ஒப்படைத்தது என எதைப் பார்த்தாலும் பெரும்பாலும் தாழ்ந்த பகுதி, வாய்க்காலின் கடைசி மடை, அல்லது கழியை ஒட்டிய விளிம்பு. விட்டுக்கொடுப்பவர் நடுத்துண்டை விட்டுக்கொடுப்பாரா? மேட்டூர் ஜூன் 12-இல் திறந்தாலும் நல்ல தண்ணீர் கடைசியாக வந்து சேரும் இடம் அது. மேலே உள்ளவர்கள் கழுவிவிட்ட தண்ணீர் முதலில் வந்து சேரும் இடமும் அதுதான்.

பட்டா இன்னொரு தலைவலி. எங்கள் ஊர்களில் பலர் கோயில் நிலத்திலோ மடத்து நிலத்திலோ சாகுபடி செய்கிறார்கள். பட்டாவில் சாமி பெயர் இருக்கும். அல்லது வாய்மொழிக் குத்தகை. குத்தகையைப் பதிவுசெய்ய 1969-லேயே சட்டம் வந்திருக்கிறது, ஆனால் பதியச் சொன்னால் அடுத்த போகம் நிலம் இருக்காது. சிட்டா அடங்கல் இல்லாதவருக்கு மானிய ஜிப்சமும் இல்லை, இழப்பீடும் இல்லை. உப்பு நிலத்தைச் சீர்செய்ய மூன்று நான்கு ஆண்டுகள் பொறுமையாக வேலை செய்ய வேண்டும். அடுத்த ஆண்டு தன் கையில் இருக்குமா என்று தெரியாத நிலத்தில் யார் அந்த உழைப்பைக் கொட்டுவார்?

மண் வள அட்டையைப் பாருங்கள். 2015-இல் திட்டம் தொடங்கியபோது வகுத்த முறைப்படி, பாசன நிலத்தில் 2.5 ஹெக்டேருக்கு ஒரு மாதிரி, மானாவாரியில் 10 ஹெக்டேருக்கு ஒன்று. எங்கள் பக்கத்துக் கணக்கில் 2.5 ஹெக்டேர் என்றால் சுமார் 18 மா. நம்மவர் கையில் இருப்பது இரண்டு மா, மூன்று மா. மேட்டில் இருக்கும் பெரிய வயலில் எடுத்த மண்ணை வைத்துப் பள்ளத்தில் இருக்கும் மூன்று மாவுக்கும் அட்டை கொடுக்கிறார்கள். அட்டையில் உப்பு அளவு இயல்பு என்று இருக்கிறது, வயலில் நாற்று நுனி கருகி நிற்கிறது. உப்பைக் குறிக்கும் 'மின் கடத்துத்திறன்' என்ற வரியைப் படிக்கும்போது ஒரு எச்சரிக்கை. நெல் தாங்கும் அளவு மீட்டருக்கு 3 டெசிசீமன்ஸ், அதற்கு மேல் ஒவ்வோர் அலகுக்கும் விளைச்சல் சுமார் 12 சதவீதம் குறையும் என்று புத்தகம் சொல்வது மண்ணைக் குழம்பாக்கி வடித்த சாற்றின் அளவு. நம் ஆய்வகங்கள் வழக்கமாக ஒரு பங்கு மண்ணுக்கு இரண்டு அல்லது இரண்டரைப் பங்கு நீர் கலந்து அளக்கின்றன. நீர்த்துப்போவதால் எண் சிறியதாக வரும். அட்டையில் 1.5 என்று பார்த்துவிட்டு நிம்மதி அடையாதீர்கள்.

இப்போது ஓர் ஊர். வேதாரண்யம் போகும் சாலையிலிருந்து கிழக்கே இறங்கும் ஊர்களில் ஒன்று. வழக்கு நடப்பதால் பெயர் வேண்டாம். பதினான்கு குடும்பங்கள், எல்லாம் சேர்த்து 32 மா. கிழக்கே இறால் குட்டை. தெற்கே பெரிய வடிகால் போகிறது. அதற்கும் நம் வயலுக்கும் நடுவே ஆதிக்க சாதிக்காரர் ஒருவரின் நிலம். முன்பு அந்த நிலத்தின் ஓரமாக ஒரு சின்ன வடிவாய்க்கால் இருந்தது. அதில் மண் போட்டு நிரவி, வயலோடு சேர்த்து, மேலே நெல் நட்டுவிட்டார். பதினைந்து ஆண்டுகள் ஆகியிருக்கும்.

பதினான்கு குடும்பங்களில் பட்டா உள்ளது ஐந்து பேருக்கு. அவர்கள் பெயரில் ஜிப்சம் வாங்கி எல்லோரும் பங்கிட்டுப் போட்டார்கள். தண்ணீர் கட்டி நிறுத்தினார்கள். நின்ற தண்ணீர் போக வழியில்லாமல் அங்கேயே காய்ந்தது. நாங்கள் போனபோது ஒரு பெரியவர் சொன்னார்: "பேதிக்கு மருந்து குடுத்துட்டு, கொல்லைக்குப் போவக் கூடாதுன்னா எப்புடி தம்பி?" நூறு பக்கத் திட்ட அறிக்கையில் இதைவிடத் தெளிவாக யாரும் எழுதவில்லை.

வாய்க்காலைத் திறக்கச் சொல்லிக் கேட்கப் போனவரை, அவர் வயதில் பாதிகூட இல்லாத பையன் ஒருமையில் பேசி அனுப்பினான். பிறகு எழுத்தில் வந்த பதிலில் "காலனித் தண்ணீர் எங்கள் வயல் ஓரமாக வருவதை அனுமதிக்க முடியாது" என்று இருந்தது. அந்த வார்த்தையைக் கவனியுங்கள். உப்புத் தண்ணீர் என்றுகூட எழுதவில்லை. அவர் வயலில் இருந்து வடியும் தண்ணீரும் அதே பெரிய வடிகாலில்தான் போய் விழுகிறது, அங்கே இரண்டும் கலக்கத்தான் செய்கின்றன. 1927-இல் மகாடில் அண்ணல் அம்பேத்கர் தலைமையில் மக்கள் சவதார் குளத்தில் இறங்கி நீர் அருந்தியபோது குளத்தைத் தீட்டுக் கழித்தார்களே, அதே மனம்தான் இங்கே வரப்போரத்தில் உட்கார்ந்திருக்கிறது. நீர் எடுப்பதைப் பற்றி நாம் நூறு ஆண்டாகப் பேசுகிறோம். நம் வயலின் நீர் வெளியே போவதற்கும் அனுமதி கேட்டு நிற்க வேண்டியிருக்கிறது என்பது எங்களுக்கே அந்தக் காகிதத்தைப் படித்த அன்றுதான் உறைத்தது.

குறைதீர்க் கூட்டத்தில் மனு கொடுத்தோம். "பேசிச் சமாதானமாப் போங்க" என்றார்கள். ஊர்க்கூட்டத்தில் சமாதானம் என்றால் யார் இறங்கிப் போவார் என்று உங்களுக்குத் தெரியும். கைகொடுத்தது இரண்டு காகிதங்கள்: புல வரைபடமும் 'அ' பதிவேட்டின் நகலும். வரைபடத்தில் அந்த இடத்தில் மெல்லிய இரட்டைக் கோடு ஓடுகிறது. பதிவேட்டில் 'வாய்க்கால் புறம்போக்கு' என்று தனி எண்ணோடு இருக்கிறது. அதாவது அது அவர் வயலே இல்லை. இத்தனை ஆண்டுகள் கெஞ்சியது அரசாங்க நிலத்துக்காக. மண் சம்பந்தமான எந்தப் பிரச்சினைக்கும் முதலில் இந்த இரண்டையும் வாங்கிவிடுங்கள், மற்ற பேச்செல்லாம் பிறகு.

அளந்து கல் நட ஆணை வாங்கவே ஒரு மழைக்காலம் போனது. நூறு நாள் வேலையில் வாய்க்காலைச் சேர்த்து, நம் அக்காமார்களே நம் வயல் பக்கமிருந்து வெட்டிக்கொண்டு போனார்கள். கடைசி 60 மீட்டரில் தடையாணை வந்து நின்றது. அந்த ஐப்பசியில் மழை நீரைக் கட்டி நிறுத்தினோம். பிறகு ஆயில் எஞ்சின் வாடகைக்கு எடுத்து, அந்த 60 மீட்டரைச் சாலையோரமாகச் சுற்றி ஹோஸ் போட்டு, இரவு பகலாக இறைத்துப் பெரிய வடிகாலில் விட்டார்கள். இயல்பாக இறங்கிப் போக வேண்டிய தண்ணீரைக் காசு கொடுத்துச் சுற்றி அனுப்பினோம். அந்த டீசல் ரசீதுகளை எல்லாம் வழக்கில் சேர்த்திருக்கிறோம்.

விதையிலும் கவனமாக இருந்தோம். நெல் முளைக்கும்போதும் தூர்கட்டும்போதும் உப்பை ஓரளவு தாங்கும். இளம் நாற்றாக இருக்கும்போதும் பூக்கும்போதும் தாங்காது. அதனால் 30 நாள் தாண்டிய முற்றிய நாற்றாக, குத்துக்கு மூன்று நான்காக, நெருக்கி நட்டார்கள். சில வயலில் திருச்சி வேளாண் கல்லூரியில் களருக்கென்று உருவாக்கிய டி.ஆர்.ஒய். 3, சில வயலில் இந்தக் கடற்கரையின் பழைய ரகமான குழியடிச்சான். மேற்கே இருக்கும் 20 மாவில் கதிர் முற்றியது. அமோக விளைச்சல் இல்லை, ஆனால் வீட்டுக்கு அரிசி ஆனது. இறால் குட்டையை ஒட்டிய 12 மாவில் பாதிக்கு மேல் பொக்கு. குட்டையின் கசிவு நிற்கும்வரை அந்த 12 மாவுக்கு எங்களிடம் மருந்து இல்லை. சவுக்கு வைக்கலாம் என்று சிலர் யோசனை சொல்கிறார்கள், சவுக்கு உப்பைத் தாங்கும்தான். "சவுக்க வச்சிட்டு சோத்துக்கு எங்க போறது?" என்று கேட்கிறார் அந்த நிலத்துக்கார அக்கா. சவுக்கு வெட்டுக்கு வர நான்கைந்து ஆண்டுகள் ஆகும்.

வழக்கு மறுபடியும் தள்ளிப்போயிருக்கிறது. அதற்குள் கோடைத் தண்ணீர் கொஞ்சம் கிடைத்தால் விதைக்க, ஏக்கருக்கு 20 கிலோ வீதம் தக்கைப்பூண்டு விதை சொல்லி வைத்திருக்கிறோம். பூக்கும் தருவாயில், 45 நாள் வாக்கில் மடக்கி உழ வேண்டும். சித்திரையில் உப்பு பூத்ததும் 32 மாவையும் நடந்து பார்த்து, எங்கெங்கே வெள்ளை படர்ந்திருக்கிறது என்று புல வரைபடத்தில் குறிக்கப் போகிறோம். குட்டைக் கரையிலிருந்து எத்தனை அடி வரை பூத்திருக்கிறது, மூடிய வாய்க்காலை ஒட்டி எவ்வளவு என்று அளந்து, தேதியோடு படம் எடுத்து, தனித்தனியாக மண் மாதிரி எடுக்க வேண்டும். நான்கு நாள் வேலை. வெயில் கடுமையாக இருக்கும், தங்குவதற்குப் பள்ளிக்கூடத் திண்ணை உண்டு. வரைபடம் படிக்கத் தெரிந்தவர்களும், கற்றுக்கொள்ள விரும்புகிறவர்களும் வரலாம். அளவு நாடா இருந்தால் எடுத்துக்கொண்டு வாருங்கள், எங்களிடம் இருப்பது ஒன்றுதான்.